அடுத்தாள்

என் தாத்தா பர்மாவில், மோல்மேனில், ஒரு நகரத்தார் கடையில் சமையலாளாக இருந்தவர். கடை என்றால் வட்டிக்கடை. காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர்ப் பக்கங்களிலிருந்து மூன்று வருடக் கணக்குக்குக் கப்பலேறிப் போனவர்கள் நடத்திய கடைகள் அவை. கடைக்கு ஏஜெண்டு ஒருவர். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே, பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகுகிற பெட்டியடிப் பையன். சமையலாளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஆனால் அடுப்படியில் இருந்துகொண்டே எல்லோரையும் அளந்து வைத்திருந்தார் தாத்தா. அடுத்தாளுக்கு என்ன வேலை என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன். "மேலாள் கையை நீட்டுறதுக்கு முன்னாடி, எந்தப் பேரேடு வேணுமோ அது விரிஞ்சு கெடக்கணும். அதான் அவன் வேலை" என்றார்.

நான் 19 வருடங்களாக மதுரையில் இதய அறுவை அரங்கில் அனஸ்தீசியா டெக்னீஷியனாக இருக்கிறேன். ஊருக்குப் போகும்போது, "தம்பி ஆஸ்பத்திரியில என்ன வேலை பாக்குது?" என்ற கேள்விக்கு ஒழுங்காக ஒரு பதில் சொல்ல எனக்கு வெகுநாள் தெரியவில்லை. மருத்துவர் இல்லை, செவிலியர் இல்லை, வார்டு பாயும் இல்லை. டெக்னீஷியன் என்றால் எக்ஸ்ரே எடுப்பவர் என்று நினைத்துக்கொள்வார்கள். கோட்டையூர்ப் பெரியவர் ஒருவரிடம் ஒருநாள் தாத்தாவின் சொல்லையே எடுத்துச் சொன்னேன்: "மயக்க டாக்டருக்கு அடுத்தாள், ஐயா." அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். உதவியாளர் என்ற சொல்லில், கேட்டால் செய்பவர் என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்தாள் கேட்பதற்கு முன்பே செய்து வைத்திருப்பவர்.

முதல் கேஸ் எட்டு மணிக்கு என்றால் ஆறேகாலுக்கு அரங்கில் இருப்பேன். பாதி விளக்கு மட்டும் போட்டிருக்கும். முதலில் ஆக்சிஜன். சுவரிலிருந்து வரும் குழாயில் அழுத்தம் சரிதானா, அது நின்றுபோனால் எடுத்துக்கொள்ள இயந்திரத்தின் பின்னால் இருக்கும் சிலிண்டர் நிறைந்திருக்கிறதா. கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளும் ஆக்சிஜன், நீலம் நைட்ரஸ் ஆக்சைடு. நிறத்தைக் கண் தவறாகப் பார்த்துவிடலாம் என்று, ஒவ்வொரு வாயுவுக்கும் வேறு வேறு இடத்தில் பின்னும் துளையும் வைத்திருக்கிறார்கள். ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் எத்தனை சாவுகள் இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறை சிலிண்டரைப் பொருத்தும்போதும் நினைத்துக்கொள்வேன்.

அடுத்து மூச்சுக்குழாய்ச் சுற்று. அதன் வாயை உள்ளங்கையால் அடைத்து, 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை ஏற்றி, பத்து நொடி இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் நிறம் மாறியிருக்கிறதா. லாரிங்கோஸ்கோப்பில் விளக்கு எரிகிறதா. எரிந்தால் போதாது, வெள்ளையாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் பேட்டரி தீரப்போகிறது. தொண்டைக்குள் போனபிறகுதான் அது அணையும். டியூபில் நினைத்த அளவு ஒன்று, அரை அளவு சின்னது ஒன்று, பெரியது ஒன்று, மூன்றையும் கஃப் ஊதிப் பார்த்து வைப்பேன். சக்‌ஷன் இழுக்க வேண்டும். இயந்திரமே நின்றுபோனாலும் கையால் மூச்சுக் கொடுக்க ஆம்பு பை கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்று தீர்மானிப்பதும் அதைக் கொடுப்பதும் மருத்துவர். எடுத்து, கரைத்து, பெயரும் அளவும் எழுதி ஒட்டி, ஆம்பூலோடு அவர் கண்ணில் காட்டி வரிசைப்படுத்துவது நான். தசை தளர்த்தும் மருந்துக்குச் சிவப்பு லேபிள், வலி மருந்துக்கு நீலம், ரத்த அழுத்தம் ஏற்றுவதற்கு ஊதா. ஏழரை மணிக்கு அந்தத் தட்டைப் பார்த்தால் தாத்தா சொன்ன விரிந்த பேரேடுதான் ஞாபகம் வரும்.

சிவகங்கை, ராமநாதபுரம் கிராமங்களிலிருந்து வரும் முப்பது வயதுப் பெண்கள் நிறையப் பேரை இந்த மேசையில் பார்த்துவிட்டேன். கதை பெரும்பாலும் ஒன்றுதான். பள்ளிக்கூடம் படிக்கும்போது தொண்டைப்புண், காய்ச்சல், பிறகு மூட்டுக்கு மூட்டு தாவுகிற வலி. கிருமியை எதிர்க்க உடம்பு எடுத்த ஆயுதம் சொந்த இதயத்தின் வால்வுமேலேயே திரும்பிவிடுகிறது. மைட்ரல் வால்வு வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தடித்து இறுகும். முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மூச்சு வாங்கினால்தான் வீட்டில் திரும்பிப் பார்ப்பார்கள். தொண்டைப்புண்ணுக்கே சரியான மருந்து கிடைத்திருந்தால், காய்ச்சல் வந்த பிறகாவது மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி தவறாமல் போட்டிருந்தால், இவர்களில் பலர் இங்கே வந்திருக்கவே மாட்டார்கள். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் வந்ததால்தான் இந்த மேசை வரைக்குமாவது வர முடிந்தது. இறுகிய வால்வுக்குப் பதிலாகப் பொருத்தும் வால்வுகளில் ஒன்று, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலியத்தான் குழுவினர் உருவாக்கிய சித்ரா வால்வு. அது 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அந்த வால்வு நெஞ்சுக்குள் தட்டுவதை ராத்திரி படுக்கும்போது காதால் கேட்கிறேன் என்று சொன்ன பெண்கள் உண்டு.

மேசையில் படுத்ததும் குளிரும். "பயப்படாதீங்க" என்று நான் சொல்வதில்லை; பயத்தை ஞாபகப்படுத்துகிற சொல் அது. ஊர் எது என்று கேட்பேன். "சாக்கோட்டைக்குப் பக்கம்" என்றார் ஒரு பெண். "நான் கோட்டையூர்" என்றேன். "அப்ப நம்ம பக்கந்தான்" என்று சொல்லி என் விரலைப் பிடித்துக்கொண்டார். மருந்து ஏற ஏற அந்தப் பிடி தளர்ந்தது. ஐந்து மணி நேரம் கழித்து அவரை ஐசியுவில் ஒப்படைத்தேன். மறுநாள் மாலை எட்டிப் பார்த்தபோது அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது. எங்கள் முகம் ஞாபகம் இருக்கிறதென்றால் மயக்கம் சரியாக இறங்கவில்லை என்றுகூட ஆகலாம்.

மணிக்கட்டுத் தமனியில் ஒரு குழாய், கழுத்துச் சிரையில் ஒரு குழாய். இரண்டும் மருத்துவர் போடுவது. அவற்றின் அழுத்தத்தைத் திரையில் அலையாகக் காட்டுகிற டிரான்ஸ்டியூசரைக் கட்டி, காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் திரவம் நிரப்பி, பூஜ்யம் வைப்பது என் வேலை. அந்தச் சின்ன பிளாஸ்டிக் பெட்டி நோயாளியின் இதய மட்டத்தில் இருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் கீழே இறங்கினால் அழுத்தம் ஏழெட்டு மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், வேறொரு இடத்தில், அறுவை மருத்துவர் தம் வசதிக்கு மேசையை உயர்த்தச் சொன்னார். மேசை ஒரு சாண் ஏறியது. கம்பத்தில் கட்டியிருந்த டிரான்ஸ்டியூசர் இருந்த இடத்திலேயே இருந்தது. உயர்த்த வேண்டியவன் நான், உயர்த்தவில்லை. திரையில் சராசரி 65 என்று நின்றது. எல்லோருக்கும் நிம்மதி. உண்மையில் அந்த மனிதரின் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் அதைவிடப் பத்துக்கும் மேல் குறைவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கையில் கட்டியிருந்த பட்டை வேறு எண் காட்டுவதை மயக்க மருத்துவர் கவனித்தார். "தம்பி, டிரான்ஸ்டியூசர் எங்க இருக்கு?" அவ்வளவுதான் கேட்டார். நோயாளிக்குக் கெடுதல் ஒன்றும் ஆகவில்லை; எட்டாம் நாள் வீட்டுக்குப் போனார். அன்றைக்கு ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இப்போது மேசை ஒரு விரற்கடை ஏறினாலும் என் கை தானாக அந்தப் பெட்டிக்குப் போகிறது.

நெஞ்செலும்பைப் பிளந்த பிறகு ஹெப்பாரின். கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட். உடம்புக்கு வெளியே பிளாஸ்டிக் குழாய்களில் ஓடப்போகும் ரத்தம் உறையாமல் இருப்பதற்கு. மூன்று நிமிடம் கழித்துக் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஏசிடி போடுவேன். ரத்தம் எத்தனை நொடியில் உறைகிறது என்று சொல்லும் சோதனை அது. சாதாரணமாக 120 நொடியை ஒட்டி உறைவது 480ஐத் தாண்ட வேண்டும். அந்த எட்டு நிமிடம் அரங்கில் யாருக்கும் அவசரப்பட உரிமை கிடையாது. "ஏசிடி எவ்வளவு?" என்று கேட்பார்கள். "இன்னும் ஓடுது" என்பேன். எண்ணை உரக்கச் சொன்ன பிறகுதான் பம்ப் ஓடத் தொடங்கும்.

அது ஓடத் தொடங்கியதும் இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் பெர்ஃபியூஷனிஸ்ட் இயக்கும் அந்த இயந்திரம் எடுத்துக்கொள்ளும். பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசல் இதயத்துக்குள் போகும். இசிஜி முதலில் தடுமாறி, பிறகு ஒரு கோடாகப் படுத்துவிடும். தமனி அழுத்தத்தில் மேடு பள்ளம் போய்விடும். வென்டிலேட்டரை நிறுத்தி அலாரங்களை அமர்த்துவோம். காலையிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்த மூச்சுச் சத்தம் அப்போதுதான் நிற்கும். வெளியே வராந்தாவில் இருக்கும் கணவரை அந்த நொடியில் கூட்டிவந்து காட்டினால், செத்துப்போய்விட்டாள் என்று நெஞ்சில் அடித்துக்கொள்வார். மூச்சில்லை, துடிப்பில்லை. ஆனால் இருக்கிறார்.

மயக்கம் என்ற சொல்லை மாற்றி உணர்வகற்றல் என்று எழுதுகிறார்கள். எனக்கு மயக்கமே பிடித்திருக்கிறது. காரைக்குடிப் பள்ளிக்கூடத்தில் தமிழய்யா இலக்கணம் நடத்தும்போது உருபு மயக்கம் என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார். ஒரு வேற்றுமை உருபு வரவேண்டிய இடத்தில் இன்னொரு உருபு வந்து நிற்கும். பொருள் மட்டும் மாறாது. அன்றைக்குப் பரீட்சைக்காகப் படித்தேன். இதயம் துடிக்க வேண்டிய இடத்தில் ஒரு பம்ப், நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் ஆக்சிஜனேட்டர், அவர் விழித்திருக்க வேண்டிய இடத்தில் நாங்கள் ஐந்தாறு பேர். சாக்கோட்டைப் பக்கத்துப் பெண் என்ற பொருள் மட்டும் மாறாமல் நிற்கிறது. இதை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

பம்ப் ஓடும் நேரத்தில் எங்களுக்கு ஓய்வு என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அரை மணிக்கு ஒருமுறையாவது ரத்த வாயுச் சோதனை ஓடும். அமிலத்தன்மை, ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, பொட்டாசியம், கால்சியம். அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஊர் ஞாபகம்தான். உள்ளே இருப்பவை மின்முனைகள். ரத்தத்தின் ரசாயனத்தை மின்னழுத்தமாக, மின்னோட்டமாக மாற்றிச் சொல்பவை. மின்வேதியியல். அந்த அறிவியலுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. நாங்கள் செக்ரி என்போம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் தேதி, பொங்கலையொட்டி, ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அந்த மதிற்சுவர் ஓரமாகச் சைக்கிளில் போன நாட்களில் உள்ளே பேட்டரி செய்கிறார்கள் என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பாடம் ஒருநாள் என் கையில் ஒரு சொட்டு ரத்தமாக வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருப்பேன்.

செக்ரி திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 1952இல், கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தன. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கலாம் என்றார். அமுக்குவது யார்? ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும், வாரக்கணக்கில் உட்கார்ந்து அமுக்கினார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. மூச்சு போதுமான அளவு போகிறதா என்று ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கும் வழி அந்த நெருக்கடியிலிருந்துதான் வேகமெடுத்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், தாமும் ஒரு மயக்க மருத்துவரான செவரிங்ஹவுஸ் இன்றைய ரத்த வாயு இயந்திரத்தின் முன்னோடியைக் கட்டிவிட்டார். ஆம்பு பையும் 1956இல் டென்மார்க்கிலிருந்துதான் வந்தது. காலையில் அதை எடுத்து ஒருமுறை அமுக்கிப் பார்க்கும்போது, பெயர் தெரியாத அந்த மாணவர்களின் வலித்த விரல்களை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

வால்வு தைத்து முடிந்ததும் உடம்பைத் திரும்பச் சூடாக்குவார்கள். பெருந்தமனியில் போட்டிருந்த கிளாம்ப்பை எடுத்ததும் புது ரத்தம் இதயத்துக்குள் போகும். சில நேரம் அது தானாகத் துடிக்கும். சில நேரம் நடுங்கிக்கொண்டே இருக்கும். உள்கரண்டிகளை வைத்துச் சின்ன அதிர்ச்சி, 10, 20 ஜூல், கொடுக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் என் கண் வென்டிலேட்டரில் இருக்கும். பம்ப்பிலிருந்து வெளியே வரும் பரபரப்பில், நிறுத்தி வைத்த மூச்சைத் திரும்பப் போட மறந்த சம்பவங்கள் உலகமெங்கும் நடந்திருக்கின்றன. மறக்க முடியாதது என்று நினைப்பதுதான் மறந்துபோகும். "லங்ஸ் ஆன், மேடம்" என்று மயக்க மருத்துவரிடம் சொல்வேன். அவர் ஏற்கெனவே போட்டிருந்தாலும் சொல்வேன்.

பிறகு புரோட்டமின். ஹெப்பாரினை முறிப்பது. ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது, புரோட்டமின் சால்மன் மீனின் விந்திலிருந்து வந்தது. ரத்தத்தில் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அடங்கிவிடும். மெதுவாகத்தான் போக வேண்டும், வேகமாகப் போனால் அழுத்தம் சரிந்துவிடும். கொடுக்கத் தொடங்கிவிட்டது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். அதன் பிறகு காயத்தில் தேங்கும் ரத்தத்தைப் பம்ப்புக்குத் திருப்பி உறிஞ்சக்கூடாது. உறிஞ்சினால் இயந்திரத்துக்குள் ரத்தம் உறையும், மறுபடி பம்ப் தேவைப்பட்டால் அது கைகொடுக்காது. மெல்லப் பேசுபவர் என்று வீட்டில் எனக்குப் பெயர். அரங்கில் அப்படி இல்லை.

வேலூர் சிஎம்சியில் 1960களின் தொடக்கத்தில் திறந்த இதய அறுவையை நடத்திக்காட்டியவர் கோபிநாத். பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975இல் நாட்டின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தவர் செரியன். இந்தப் பெயர்கள் எனக்கு மனப்பாடம், மரியாதையோடுதான் சொல்கிறேன். அந்த இரண்டு நாட்களிலும் விடிகாலையில் சிலிண்டரைப் பார்த்துவைத்தது யார் என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் ஒருவருக்கு மட்டும் அந்தக் கடன் தீர்ந்தது. 1944 நவம்பர் 29இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், உடம்பு நீலம் பாய்ந்த ஒரு குழந்தைக்கு பிளேலாக் அறுவை செய்தபோது, அவர் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று ஒவ்வொரு தையலையும் சொல்லிக்கொடுத்தவர் விவியன் தாமஸ். ஆய்வுக்கூடத்தில் நாய்களுக்கு அதே அறுவையைச் செய்து முறையை உருவாக்கியவர் அவர். கறுப்பினத்தவர், கல்லூரி போகாதவர், டெக்னீஷியன். அதற்கு முன்பு பிளேலாக்கோடு வேலை பார்த்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், சம்பளப் பட்டியலில் துப்புரவுப் பணியாளர் வரிசையில் வைத்திருந்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது 1976இல், அந்த அறுவை நடந்து முப்பத்திரண்டு வருடம் கழித்து.

எங்களுக்குப் பட்டம் வேண்டாம். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் அறுவை அரங்கு, மயக்கவியல் தொழில்நுட்பத்துக்கு இப்போது பட்டப்படிப்பே இருக்கிறது. இணைநிலை மருத்துவப் பணியாளர்களுக்காக 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையிலும் எங்கள் தொழில் ஏறிவிட்டது. இருந்தும், பயிற்சி பெறாத ஒருவரை நிறுத்தி டெக்னீஷியன் என்று கூப்பிடும் அரங்குகளை நான் பார்த்திருக்கிறேன். இது தவறு. மேசையில் படுத்திருப்பவருக்குத் தெரியாமல் அவர் உயிரை வைத்து மிச்சம் பிடிப்பது. அறுவைக் குறிப்பில் அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், பெர்ஃபியூஷனிஸ்ட், செவிலியர் என்று வரிசையாகப் பெயர் எழுதுகிறார்கள். அதில் எங்களுக்கும் ஒரு வரி வேண்டும். பெருமைக்காகக் கேட்கவில்லை. தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்று அதில் இருக்க வேண்டும். நகரத்தார் கடையின் ஐந்தொகையில் ஒரு ரூபாய் விட்டுப்போனாலும் யார் கையில் விட்டது என்று தெரிந்தாக வேண்டும் என்பார் தாத்தா.

இதைப் படிப்பவர்களில் யாராவது, அல்லது உங்கள் வீட்டு ஆச்சியோ அப்பத்தாவோ, என்றைக்காவது அந்த மேசைக்கு வரலாம். வாசலில் ஒருவர் வந்து, வார்டில் ஏற்கெனவே இரண்டு தடவை கேட்ட அதே கேள்விகளை மூன்றாவது தடவை கேட்பார். சலித்துக்கொள்ளாதீர்கள். பல் ஏதாவது ஆடுகிறதா, கட்டுப்பல் இருக்கிறதா, வீட்டில் நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா, காலையில் வாயில் ஏதாவது போட்டீர்களா. ஆடுகிற பல் டியூப் போடும்போது உடைந்து மூச்சுக்குழலுக்குள் போகும். வயிற்றில் இருக்கிற ஒரு டம்ளர் காப்பி மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் இறங்கும். திட்டுவார்களோ என்று பயந்து மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குடித்திருந்தால் குடித்தேன் என்று சொல்லிவிடுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். சில மணி நேரம் தள்ளிவைப்பார்கள், இல்லையென்றால் நாளைக்கு வரச் சொல்வார்கள்.